சாமியர்க்கு இருக்கை, ஏலமலைத் தமிழர்க்கு?

வடமுனையைச் சூழ்ந்த எட்டு நாடுகள் 1996-இல் ஒரு மன்றம் கண்டன. எட்டனுள் ஐந்து, நார்வே முதலிய வடபுல நாடுகள். நார்வே, சுவீடன், பின்லாந்து, உருசியா என நான்கு நாட்டெல்லைகளால் பிளவுண்ட சாமி இனத்தார்க்கு அங்கே நிலையான இருக்கை உண்டு. வாக்கில்லை, எனினும் அவரைக் கலவாது முடிவெடுத்தல் ஆகாது. 2013-இல் நுழைந்த இந்திய அரசோ பின்வரிசைப் பார்வையாளர்!

ஈண்டு நடந்ததென்ன? 1956-இல், தமிழர் போராடியும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு பிணைக்கப்பட்டன. இன்றும் போடிநாயக்கனூர்த் தமிழ்ப் பெண்டிர் விடியற்காலையில் போடிமெட்டு ஏறி, எல்லை கடந்து, ஏலக்காய் பறித்து, பொழுது சாய மீள்கின்றனர். பறிக்கும் கைக்கு எல்லை தடையன்று. கேட்கும் வாய்க்கே தடை. வடமுனையிற் பார்த்ததைத் தில்லி ஏலமலையிற் செய்து காட்டட்டும்: கூலியும் காப்பும் பற்றி இரு மாநில அரசுகள் பேசும் அவையில் இத்தொழிலாளர்க்கும் நிலையிருக்கை தருக.