மலைக்கும் அதே வீடு, கடலோரத்துக்கும் அதே வீடா?

'சஸ்டெய்னபிள் ஆர்க்கிடெக்சர்' என்று நம்ம கிளாஸில் ஆரம்பித்தாலே ஸ்கிரீனில் வருவது சுவிட்சர்லாந்துதான். 2009-ல் கட்டிய மான்டே ரோசா மலைக்குடில். 2,883 மீட்டர் உயரம், பாகங்களை ஹெலிகாப்டரில் தூக்கிப் போய்ப் பொருத்தினார்கள், சோலார் மின்சாரம். நல்ல வேலைதான், மறுக்கல. ஆனா கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினா நமக்கும் ஒரு மலை இருக்கே! கல்வராயன் மலை வீடுகளைப் பத்தி நாலு வருஷத்துல ஒரு ஸ்லைடு கூட வந்ததில்ல.

அங்கே வாழும் மலையாளி பழங்குடியினருக்கும் கேரளாவுக்கும் பேரில் மட்டும்தான் ஒற்றுமை, பேசுவது தமிழ். அவங்களோட பழைய வீட்டை ஒரு இன்ஜினியர் கண்ணோட பாருங்க. மூங்கில் தப்பையைப் பின்னி, இரண்டு பக்கமும் மண் அப்பிய சுவர். மேலே தடிமனான புல் கூரை, சுவரைத் தாண்டி நல்லா இறங்கி வரும். அதனால சாரல் மழை மண் சுவரைத் தொடாது. உள்ளே தானியம் வைக்க ஒரு பரண். அடுப்புப் புகை மேலே ஏறி தானியத்தையும் கூரையையும் பூச்சியில இருந்து காக்கும். எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு.

கல்வராயனில் லடாக் மாதிரி பனி கொட்டாதுதான். ஆனா ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மார்கழி, தையில் மூடுபனியும் குளிரும், சித்திரையில் உச்சி வெயில். இந்த மூணையும் ஒரே வீடு தாங்கணும். இப்போ அங்கே போவது சமவெளியில் போடும் அதே தட்டையான கான்கிரீட் தளம். ஒரே தடிமனில் வைத்துப் பார்த்தால், காய்ந்த புல்லைவிட கான்கிரீட் சுமார் இருபது மடங்கு வெப்பத்தைக் கடத்தும். பகல் முழுக்க வெயிலைக் குடிச்சிட்டு சாயங்காலம் உள்ளே இறக்கும். மார்கழி ராத்திரியில் தலைகீழ். மேகமில்லாத வானத்தைப் பார்த்து தளம் வெப்பத்தை இழந்து ஜில்லுன்னு ஆகிடும், உள்ளே இருக்கும் ஈரக்காத்து அதில் பட்டு வேர்க்கும். தகர ஷீட் இன்னும் மோசம்.

அதுக்காக 'பழைய குடிசையே போதும்' என்று சொல்ல வரல. குடிசை அழகுன்னு போட்டோ எடுக்கிறவங்க யாரும் அதுல தூங்குறதில்ல. கூரையை சில வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும், தீ பிடிக்கும், பாம்பு வரும், அடுப்புப் புகை பெண்களோட நுரையீரலுக்குத்தான் போகும். மலையில் இருக்கிறவங்க கான்கிரீட் வீடு கேட்கிறது நூறு சதவீதம் நியாயம். குடிசையில்லா தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-ல் வந்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் அந்த வகையில் நல்ல திட்டம். 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை.

என் கேள்வி ஒண்ணுதான்: பணம் அதே, பரப்பளவு அதே, ஆனா டிசைனும் ஏன் அதே?

விதியை மாத்தாமலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கு. முதலில் கூரை. லாரி பேக்கர் பிரபலமாக்கிய 'ஃபில்லர் ஸ்லாப்' முறையில், தளத்தின் கீழ்ப்பகுதியில் பெரிசா வேலை செய்யாத கான்கிரீட்டுக்குப் பதிலா ஓடுகளை வைப்பாங்க. அதுவும் கான்கிரீட் கூரைதான். ஆனா சிமென்ட் குறையும், எடை குறையும், ஓட்டுக்கு நடுவில் அடைபடும் காத்து வெப்பத்தைத் தடுக்கும். கேரளாவுக்கு வரும் முன் பேக்கர் பதினைந்து வருஷம் போல இமயமலையில் பித்தோராகரில் இருந்தார். உள்ளூர் மக்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் பாடம் படித்தார்.

அடுத்து சுவர். 2019-ல் தனி மாவட்டம் ஆகும் வரை கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதே விழுப்புரத்தில்தான் ஆரோவில். அங்கே இருக்கும் எர்த் இன்ஸ்டிடியூட், மண்ணோட சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, மெஷினில் அழுத்தி, சூளையில் சுடாமலேயே கல் செய்கிறது. இந்த மாதிரி கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்று இந்திய தர நிர்ணயமே இருக்கு. எல்லா மண்ணும் இதுக்கு ஒத்து வராது, டெஸ்ட் பண்ணித்தான் பார்க்கணும். ஆனா ஒத்து வந்தா, கீழே இருந்து மலைமேல லாரியில் ஏத்துற செங்கல் லோடு மிச்சம். அதோட ஓதம் ஏறாம கருங்கல் கடைக்கால், சாரலைத் தடுக்க நீளமான தாழ்வாரம், தளத்துக்கு அடியில் ஒரு பரண், புகை போக ஒழுங்கான வழி. பழைய வீட்டோட புத்தியும் இருக்கும், புது வீட்டோட பலமும் இருக்கும்.

'இதெல்லாம் யார் செய்வாங்க, மேஸ்திரிக்குத் தெரியாதே' என்று கேட்கலாம். சரியான கேள்வி. அங்கேதான் நாம வரணும். 2014-ல் தொடங்கிய 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தில் சேரும் கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கணும். ஆனா நம்ம பசங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு என்ன பண்றோம்? சீனியரோட ரிப்போர்ட்டில் கவர் பேஜ் மட்டும் மாத்துறோம், இல்லேன்னா காசு கொடுத்து வாங்குறோம்.

அதுக்குப் பதிலா சிவில் பசங்க வெள்ளிமலைப் பக்கம் மண் எடுத்து லேபில் கல் அழுத்திப் பார்க்கலாம். இ.சி.இ. பசங்க ஒரு புல் கூரை வீட்டிலும் ஒரு கான்கிரீட் வீட்டிலும் சென்சார் வைத்து, மார்கழியிலும் சித்திரையிலும் வெப்பநிலையை எழுதலாம். செலவு சில ஆயிரம்தான். அந்த எண்கள் கையில் இருந்தா, வெள்ளிமலை ஒன்றிய அலுவலகத்தில் போய் 'மலைக்குத் தனி மாடல் வேணும் சார்' என்று தைரியமா கேட்கலாம். ஒண்ணு முக்கியம்: வீட்டில் இருக்கப்போற அம்மாக்களிடம் முதலில் கேட்கணும். அடுப்பு எங்கே, பரண் எவ்வளவு உயரம், மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்பது நம்ம ஆட்டோகேடுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்.

டிசம்பர் ரிவ்யூவுக்கு இன்னும் டைட்டில் கொடுக்காதவங்க யோசிங்க. சுவிட்சர்லாந்துக்கு விசா வேணும். கல்வராயனுக்கு பஸ் டிக்கெட் போதும்.