ஆம்பளைக்கு என்னல ஆயிரப்போவுது?

ஒரு புகார் மனுவிலிருந்து தொடங்குகிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவன். ஊரையும் ஆண்டையும் எழுதமாட்டேன். ஆதிக்க சாதிக் கும்பல் வழிமறித்து அடித்திருந்தது. மனு எழுத நான்தான் உட்கார்ந்தேன். கம்பு, கல், சொன்ன சாதிப் பெயர், பிடுங்கிய செல்போன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோதுதான், "அண்ணே, இன்னொன்னும் இருக்கு" என்றான். துணியை உருவிவிட்டு அவன் உடம்பில் என்ன செய்தார்கள் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கூட வந்திருந்த பெரியவர் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "அத எழுதாதீக தம்பி. நாளைக்குப் பயலுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" அப்புறம் அவனைப் பார்த்து, "ஆம்பளைக்கு என்னல ஆயிரப்போவுது, தொடச்சிப் போட்டுட்டுப் போ" என்றார்.

நான் அந்த வரியை எழுதவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை. சமூகவியலில் முதுகலை படித்தவன், வன்கொடுமை வழக்குகளோடு பல ஆண்டுகளாக நடப்பவன், அந்த இடத்தில் பெரியவர் பக்கம் நின்றேன். அதனால் இந்தக் கட்டுரையில் வரும் குற்றச்சாட்டுகளில் முதல் பங்கு எனக்கு.

2023 அக்டோபர் 30. திருநெல்வேலி மணிமூர்த்தீஸ்வரத்தில், தாமிரபரணிக் கரையில், இரண்டு தலித் இளைஞர்களை ஒரு கும்பல் மறித்தது. சாதியைக் கேட்டது, அடித்தது, நிர்வாணப்படுத்தியது, மேலே சிறுநீர் கழித்தது. ஆறு பேர் கைதானார்கள். நாமெல்லாம் கொதித்தோம். 'வன்கொடுமை' என்றோம், 'சாதிவெறி' என்றோம். இரண்டும் சரிதான். ஆனால் இது பாலியல் வன்முறையும்கூட என்று நம்மில் எத்தனை பேர் சொன்னோம்? அந்த இடத்தில் இரண்டு பெண்கள் இருந்திருந்தால் அந்தச் சொல்தான் முதலில் வந்திருக்கும்.

அதே ஆண்டு மார்ச்சில் அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் சித்திரவதைப் புகார்கள் வெளியே வந்தன. பல்லைப் பிடுங்கியது தலைப்புச் செய்தியானது. விதைப்பையை நசுக்கினார்கள் என்ற புகாரும் அதோடு சேர்ந்தே வந்தது. இன்றைக்கும் நம் வாயில் அது 'பல் பிடுங்கிய வழக்கு'தான். பல்லைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சமில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். தடுப்புக்காவலில் சித்திரவதைக்கு ஆளாகி லண்டன் போய்ச் சேர்ந்த இலங்கைத் தமிழ் ஆண்களைப் பற்றி மருத்துவர் மைக்கேல் பீல் 2000-இல் லான்செட் இதழில் எழுதினார். 184 பேரில் 38 பேர் தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். வாய் திறந்தவர்கள் கணக்கு மட்டும்தான் இது. நம் நாட்டில், ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். "ஆம்பளைக்கு அப்படியெல்லாம் நடக்காது" என்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

"ஆம்பளைன்னா திருப்பி அடிச்சிருக்கணும்." ஆறு பேர் பிடித்து அமுக்கும்போது எவன் அடிப்பான்? ஒரே ஒருவன் என்றாலும்கூட, பயத்தில் உடம்பு உறைந்துபோகும். அது கோழைத்தனம் இல்லை, உடம்பின் இயல்பு.

"அவன் உடம்பும் ஒத்துக்கிட்டுச்சே." தொட்டால் உடல் எதிர்வினை காட்டும், பயத்திலும் வலியிலும்கூடக் காட்டும். சம்மதம் என்பது வேறு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்கத் தங்களையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"செஞ்சவன் 'அந்த மாதிரி' ஆளு." சாதிக் கும்பலும் காவல் நிலைய லத்தியும் ஆசைப்பட்டா வருகின்றன? "நீ யார் என்பதை நான் தீர்மானிப்பேன்" என்று காட்டத்தான் வருகின்றன. தன்பாலீர்ப்பாளர்கள் மீது பழியைப் போடுவது அதிகாரத்தைத் தப்பவிடும் வழி.

"இதைப் பேசினால் பெண்கள் பிரச்சினை பின்னால் போய்விடும்." தோழர்களிடமிருந்து வரும் கேள்வி இது, நியாயமான பயமும் உண்டு. பெண்கள் தரும் புகாரையெல்லாம் பொய் என்று சொல்வதற்காகவே 'ஆண்களுக்கும் நடக்கிறது' என்று கூவும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு நம் தம்பிகள் மேல் அக்கறை ஒன்றும் கிடையாது. ஆனால் நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் அவர்கள் கடை விரிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 18 வயதுக்குக் கீழே என்றால் 2012-இன் போக்சோ சட்டம் சிறுவனையும் சிறுமியையும் சமமாகப் பார்க்கிறது. 18 முடிந்த மறுநாள் அவனுக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது. வன்புணர்வுக்கு ஆளானவர் எந்தப் பாலினமாகவும் இருக்கலாம் என்று சட்டத்தை மாற்றச் சொல்லி நீதிபதி வர்மா குழு 2013-லேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 377-ஆவது பிரிவில் சம்மத உறவைக் குற்றமாக்கிய பகுதியை 2018-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சம்மதமற்ற செயல் குற்றமாகவே நின்றது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டது. இன்று வயது வந்த ஓர் ஆணை வன்புணர்ந்தால் அந்தக் குற்றத்துக்கென்று அதில் ஒரு பிரிவு கிடையாது. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு 2019 சட்டம் தரும் அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள்.

வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 3(1)(டி), (இ) பிரிவுகள் தலித், பழங்குடியினரின் ஆடையைக் களைவதையும் நிர்வாணமாக ஊர்வலம் விடுவதையும் குற்றமாக்குகின்றன. இவை ஆணுக்கும் பொருந்தும். ஆனால் பாலியல் நோக்கில் தொடுவதைப் பற்றிய பிரிவு பெண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆக, நம் தம்பியின் மானம் போனது சட்டத்துக்குத் தெரியும். அவன் உடம்புக்கு என்ன நடந்தது என்று தெரியாது.

சட்டத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. மீசை வைத்ததற்காக அடி வாங்கியவர்கள் நாம். அதனால் மீசையை முறுக்குவதை எதிர்ப்பாக்கினோம். அதில் தவறில்லை. ஆனால் மானத்தைப் பெண்ணின் கற்பிலும் ஆணின் வீரத்திலும் கொண்டுபோய் வைத்தது சாதி. எதிரியின் அந்தக் கணக்கை நாமும் ஏற்றுக்கொண்டால், அடிபட்ட நம் பிள்ளையைப் பார்த்து நாமே வெட்கப்படுவோம். அவன் வெளியே சொல்லமாட்டான் என்று அந்தக் கும்பலுக்கும் தெரியும். நம் வெட்கத்தை நம்பித்தான் அவர்கள் கைவைக்கிறார்கள்.

அடுத்த முறை உண்மை அறியும் குழுவில் போகும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள். ஆணிடமும் தனியாக உட்கார்ந்து, "உடம்பில் வேறு எங்கும் கை வைத்தார்களா?" என்று கேளுங்கள். எதை எழுதுவது, எதை விடுவது என்பது அவன் முடிவு. ஊர்ப் பெரியவர் முடிவும் இல்லை, நம் முடிவும் இல்லை. அவன் சம்மதித்தால் மருத்துவரிடம் முழுவதையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். 3(1)(டி), (இ) பிரிவுகள் எஃப்.ஐ.ஆரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிறுவன் என்றால் 1098, வன்கொடுமை என்றால் 14566 என்ற எண்களைக் கையில் வைத்திருங்கள். பாதிக்கப்பட்டவரின் பாலினம் எதுவானாலும் பாதுகாக்கும் பிரிவு வேண்டும் என்பதை நம் மாநாட்டுத் தீர்மானங்களில் சேருங்கள்.

போன மாதம் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வரியை விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்:

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எழுதுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்ணே."

ஜெய்பீம்.