தார்ன் துரை வகித்த பதவி

தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

1930-ஆம் ஆண்டில் தங்கள் பதவியை வகித்தவர் ஜே. ஏ. தார்ன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி. அவரைத் திறமையற்றவர் என்று எவரும் சொல்லத் துணியார். ராஜாஜி அவர்கள் ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டபோது, அவர்களுக்கு அன்னமோ தங்க இடமோ அளிப்பவர் சிறை செல்ல நேரும் என்று துண்டுப் பிரசுரங்களாலும் தண்டோராவாலும் ஜில்லா முழுவதும் அறிவித்து, சட்டம் தமக்கு அளித்த அதிகாரத்தை அவர் குறைவறப் பிரயோகித்தார். ஆயினும் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கும்பகோணத்தில் தம் இல்லத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் ஆறு மாதச் சிறைவாசத்தை ஏற்றார். நூற்றைம்பது மைல் நடந்து, 28-ஆம் தேதி யாத்திரை வேதாரண்யம் சேர்ந்தது. இந்த ஜனங்களிடம் சர்க்கார் மீதிருந்த பக்தி அற்றுப்போயிற்று என்று மேலிடத்துக்கு எழுதியவரும் அதே தார்ன்தான்.

கட்டுப்பாட்டில் ராஜாஜி அவருக்கு இளைத்தவரல்லர். தொண்டர்களைத் தேர்ந்தெடுத்ததிலும், வழிநெடுகக் கதரையும் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் இடைவிடாது போதித்ததிலும் அவர் காட்டிய கண்டிப்பு பெரிது. ஆனால் அந்தக் கண்டிப்பு எதன்பொருட்டு என்பது சாலையோரத்துக் குடியானவனுக்கும் விளங்கியிருந்தது. தண்டனைக்கு அஞ்சவேண்டிய ஜனங்கள் ஒருவருக்காகத் தண்டனையையே விரும்பி ஏற்றார்களென்றால், அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

லட்சியம் மேடைக்கு உரியது, நிர்வாகத்துக்கு வேண்டியது சாமர்த்தியமே என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரின் வரலாற்றைச் சிந்திக்கவேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று, அக்காலத்துத் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கீழவெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் தீக்கு இரையானபின், அம்மையாரும் அவர்தம் கணவரும் இந்தச் சீமைக்கு வந்து இங்கேயே ஊன்றினார்கள். உழுபவருக்கு நிலம் என்னும் சர்வோதயக் கொள்கையை 1981-இல் ‘லாஃப்டி’ இயக்கமாக்கி, மிராசுதாரரையும் நிலமற்றோரையும் ஒரே பாயில் அமரவைத்து விலை பேசினார்கள். வங்கிகள் முதலில் கடன் தர மறுத்தன, பத்திரச் செலவோ தாங்கமுடியாததாக இருந்தது. அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்களின் பெயரில் நிலம் பதிவாயிற்று. உயர்ந்த லட்சியமுடையோருக்கு முத்திரைத்தாள் கட்டணம்கூட அற்ப விஷயமாகத் தோன்றுவதில்லை. நுணுக்கங்களிடத்தில் அலுப்படையாத சிரத்தையை அவர்களுக்கு அளிப்பதே அந்த லட்சியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைத் தங்களுக்கு எழுதக் காரணம், இந்நாட்டில் தர்மம் பரீட்சிக்கப்படும் இடங்கள் மிகச் சாதாரணமானவையாக இருப்பதேயாகும். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் பெருகிவந்தாலும், பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கடைமடைக் குடியானவர் நாற்றங்காலின் ஓரத்தில் வானத்தையே பார்த்து நிற்கிறார். குறுவை அறுத்தவரோ, ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு இறங்குமா, சாக்கு வருமா, லாரி வருமா என்று காத்திருக்க, நெல் குவியலிலேயே முளைவிட்டுப் போகிறது. எடை போடுவதற்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறும் காசைப் பற்றிக் களத்துமேட்டில் பேசாதவரில்லை. இவற்றுக்கு விதிகள் இல்லாமலில்லை. யாருக்காக அந்த விதிகள் இயற்றப்பட்டன என்பதை மறவாத ஒருவர் மேலே இருக்கும்போது, கீழேயுள்ள பட்டியல் எழுத்தரின் பேனாவும் நேராக ஓடுகிறது.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான்: அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், முன்வரிசைக்கு வர வண்டிச் செலவுக்கும் வழியில்லாத கடைமடைக்காரரையும் குத்தகைச் சாகுபடியாளரையும் முதலில் பேச அழையுங்கள், ஐப்பசியில் ஒரு நாளாவது, முன்னறிவிப்பின்றி ஒரு கொள்முதல் நிலையத்தில் எடை தொடங்கும் நேரத்தில் வந்து, கடைசி மூட்டை தைக்கப்படும் வரையில் இருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
காவிரிப் பாசனக் குடியானவன் ஒருவன்