பிள்ளைகளோடு ஏரியில் மீன் பிடிக்க

சென்ற இதழ் வந்த பிறகு வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவர் எங்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். ஓகஸ்டில் சாட்டர் படகு எடுத்து, குடும்பமாக ஒன்ராறியோ ஏரியில் சல்மன் பிடிக்கப் போவதென்று தகப்பனார் முடிவு செய்துவிட்டார். அம்மம்மாவோ, "சின்னப் பிள்ளையளைத் தண்ணிக்குக் கொண்டுபோக வேண்டாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறாவாம். "அக்கா, நீங்கள் நேர்ஸ்தானே. பயமில்லை எண்டு அவவுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ" என்றார்.

பயமில்லை என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையில் முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் கரையோரம் இருந்தவர்கள் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தை "பழைய ஆக்களின்ர பயம்" என்று சிரித்துத் தள்ளக் கூடாது. தண்ணீர் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே நீச்சல் குளத்தை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. ஆகவே போங்கோ. ஆனால் அம்மம்மா கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை வைத்துக்கொண்டு போங்கோ.

அவ கேட்கும் முதற்கேள்வி, பிள்ளை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்பது. "ஏரிதானே, கடல் இல்லையே" என்பது பதில் ஆகாது. ஞாயிறு பாடசாலையில் படிக்கும் கலிலேயாக் கடலும் ஓர் ஏரிதான். ஒன்ராறியோ ஏரி பரப்பளவில் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். நடுக்கோடையிலும் காற்று ஒரு பக்கமாக வீசினால் மேலே இருக்கும் சூடான நீர் ஒதுங்கி, ஆழத்துக் குளிர்நீர் ரொறன்ரோக் கரைக்கு ஏறிவிடும். நேற்றுக் குளிக்கக்கூடியதாக இருந்த தண்ணீர் இன்று எலும்பைக் குத்தும். குளிர்நீருக்குள் திடீரென விழுபவர் தன்னை அறியாமலே பெரிதாக மூச்சை இழுப்பார். வாய் தண்ணீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சே போதும். குளிர்நீர்ப் பாதுகாப்பில் 1-10-1 என்று சொல்லிக்கொடுப்பார்கள்: மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது ஏறக்குறைய 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். அந்த முதல் நிமிடத்தில் முகத்தை மேலே வைத்திருப்பது லைஃப் ஜக்கெற். நன்றாக நீந்தும் பிள்ளைக்கும் அதே கதைதான்.

படகில் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜக்கெற் இருக்கவேண்டும் என்பது கனடாச் சட்டம். பெட்டிக்குள் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்கவேண்டும். பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் நிறையைச் சொல்லி, அந்த அளவு இருக்கிறதா என்று கப்டனிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். எத்தனை கிலோவுக்கு என்று உள்ளே எழுதியிருக்கும். போட்டுப் பூட்டிய பின் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. சின்னவர்களுக்குக் கழுத்துக்குப் பின்னால் கொலரும், காலிடையே பட்டியும் உள்ளதாகப் பாருங்கள். "வளரும் பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் எங்கள் வழக்கம் சப்பாத்தோடு நிற்கட்டும்.

அடுத்தது சத்தி. 2 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்டவர்களைத்தான் படகின் ஆட்டம் அதிகம் வாட்டும். படகு விடியப்புறம் புறப்படும். முதல்நாள் இரவு கொத்துரொட்டி வேண்டாம், வெறுவயிறும் வேண்டாம். பாணோ பிஸ்கற்றோ கொஞ்சம் கொடுத்தால் போதும். கிராவோல் கொடுப்பதென்றால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்தி, பிள்ளையின் வயதுக்கும் நிறைக்கும் உரிய அளவை மருந்தாளரிடம் கேட்டுக் கொடுங்கள். 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். சில பிள்ளைகள் அதைக் குடித்தால் தூங்காமல் துள்ளுவார்கள், அதனால் படகு நாளுக்கு முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது பற்றியும் கேளுங்கள். படகில் கபினுக்குள் இருத்தாமல், வெளியே நடுப்பகுதியில் இருத்தி, தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனை வாங்கி வைத்துவிடுங்கள். சத்திக்கு அதைவிட நல்ல தூண்டுகோல் இல்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் அரைநாளுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். பெரியவர்கள் காசுக்குக் கணக்குப் பார்த்து முழுநாள் கேட்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நாலு மணி நேரமே நீளம். கழிப்பறை உள்ள படகா என்றும் கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட்டவர்கள் நடு ஏரியில் அதைவிடக் கூடுதலாக வெட்கப்படுவார்கள்.

இங்கே சல்மன் பிடிப்பது கரையிலிருந்து தூண்டில் எறிவது போலல்ல. பாரமான ஈயக் குண்டோடு நூலை ஆழத்துக்கு இறக்கி, படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். மீன் கொத்தியதும் தடி நிமிரும், ஒருவர் பாய்ந்து பிடிக்கவேண்டும். யார் முதல், யார் இரண்டாவது என்று கரையிலேயே பிரித்துவிடுங்கள். பத்துக் கிலோ சினூக் இழுக்கும்போது அண்ணனும் தங்கையும் சண்டை பிடிக்க இடம் இல்லை. முள் எங்கேயாவது ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். கண்ணுக்குக் கிட்ட என்றால் தொடவே கூடாது, அழுத்தாமல் மூடிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளைகளுக்கு ஏற்பு ஊசி பாடசாலைக் கணக்கில் போட்டிருக்கும். பத்து வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டியதை மறந்திருப்பது அப்பாமார்தான்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும், கனடாவில் வசிப்பவர்கள் என்றால், ஒன்ராறியோவில் மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லை. மற்றவர்கள் ஒருநாள் உரிமம் எடுக்கலாம். ஊரிலிருந்து விசிட்டில் வந்திருக்கும் அம்மம்மாவுக்கு அந்தச் சலுகை இல்லை. மீன் பிடிப்பதாக இருந்தால் அவவுக்கும் எடுக்கவேண்டும்.

இனி நாங்கள் இந்தப் பக்கத்தில் கட்டாயம் எழுத விரும்பியது. பிடித்த பெரிய மீனைப் படம் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையைப் போட்டுக் குழம்பு வைத்து, சபையில் நாலு வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் இயல்பு. ஆனால் ஏரியின் பெரிய மீன்களில் பாதரசமும் பிசிபி என்ற இரசாயனமும் சேர்ந்திருக்கும். மீன் வளர வளர அதுவும் கூடும். எந்த இடத்து மீன், எந்த நீளம், மாதத்துக்கு எத்தனை தரம் உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு வழிகாட்டி ஒன்று வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். அதில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனியான, குறைந்த அளவு போட்டிருக்கிறார்கள். கடையில் வாங்கும் சல்மனுக்கு இந்த அட்டவணை பொருந்தாது.

பிசிபி கொழுப்பில் தங்கும். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் அகற்றி, கொழுப்பு வடியும்படி வாட்டிச் சாப்பிட்டால் அது குறையும். பாதரசம் சதையிலேயே இருப்பதால் எப்படிச் சமைத்தாலும் போகாது. தலையில் கொழுப்பு அதிகம். குழம்பில் போட்டால் அத்தனையும் குழம்புக்குள்தான் இறங்கும். குடலும் ஈரலும் வேண்டவே வேண்டாம். அதனால் பெரியதைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடலாமா என்று கப்டனிடம் கேளுங்கள், சின்னதை வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குழம்பு ஆசைக்குத் தமிழ்க் கடையில் விளைமீன் வாங்கலாம்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அம்மம்மாவிடமே சொன்னோம். தலையைப் போடக் கூடாது என்ற இடத்தில்தான் அவ முகம் சுளித்தா. பிறகு, "அந்தச் சட்டையை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ" என்றா. சின்னவளுக்கு அதைப் போட்டுவிட்டோம். அம்மம்மா எழுந்து வந்து, தோள்பட்டையைப் பிடித்துத் தானே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தா.