ஆலைக் கழிவும் நம் கிணறும்: நொய்யல் கற்றுத்தந்த பாடம்

உங்கள் ஊருக்கு ஒரு தொழிற்சாலை வருகிறது என்றால் முதலில் என்ன கேட்பீர்கள்? எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், நிலத்துக்கு என்ன விலை தருவார்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது நொய்யல், பாலாறு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்.

2025 ஜனவரியில் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்திய ஆலைகளிடம் அதை வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதே பாலாறு தொடர்பாக 1996-லேயே ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இடையில் ஓடிய ஆண்டுகள் 28-க்கும் மேல். தீர்ப்பு வரும், பணமும் ஒருநாள் வரலாம். அதுவரை உப்பேறிய கிணறு காத்திருக்காது.

நிறம் போனது, உப்பு போகவில்லை

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க, சாயத் தொட்டியில் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ நிறையக் கரைக்கிறார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்கிறது. உப்பு அப்படியே கழிவுநீரில் வெளியேறுகிறது. திருப்பூரில் முதலில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு போன்ற பொருட்களைச் சேர்த்து நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க முடியவில்லை. பார்வைக்குத் தெளிந்த நீர் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்த அளவுள்ள நீரை ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை பாய்ச்சினால், சுமார் 2 லட்சம் லிட்டர் நீருடன் 400 கிலோவுக்கும் அதிகமான உப்பு நிலத்தில் இறங்குகிறது. அதாவது 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை. பயிர் நீரைத்தான் உறிஞ்சுகிறது, உப்பில் பெரும்பகுதி மண்ணில் தங்கிவிடுகிறது.

ஆலைக்கும் இழப்புத்தான்

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-ல் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளுக்குக் கெடு விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், பின்னலாடை நிறுவனங்கள் துணிக்குச் சாயமேற்ற வெளியூர்களைத் தேடி ஓடின. ஆரம்பத்தில் சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்த தொழில், கடைசியில் ஊரோடு சேர்ந்து நஷ்டப்பட்டது.

அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. சவ்வூடு பரவல் மூலம் நீரைப் பிரித்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். உப்புக் கரைசலையும் மீட்கிறார்கள். மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதுதான் இன்னும் தீராத சிக்கல். சுற்றுச்சூழல் மேலாண்மையைத் தொழிலுக்கு எதிரி என்று சொல்பவர்களுக்குத் திருப்பூரே பதில்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஆலை வருவதற்கு முன்பே கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரை 10–15 நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அருகிலுள்ள மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பிறகு ஆண்டுதோறும் அதே மாதத்தில் பரிசோதித்து, முடிவுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

2. முடிவில் மின்கடத்தும் திறனைப் பாருங்கள். 0.75 டெசிசைமன்ஸ்/மீட்டர் வரை பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் வழக்கமான பாசனத்துக்கு ஏற்றதல்ல.

3. ‘சுத்திகரித்த நீர், இலவசம்’ என்று ஆலை உங்கள் தென்னைக்குத் தண்ணீர் கொடுக்க முன்வந்தால், நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பரிசோதித்த பிறகு சம்மதியுங்கள்.

4. நிலத்தை ஆலைக்கு வாடகைக்கு விடும் முன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்.

5. நிலம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், எடுத்தவுடன் ஜிப்சம் வாங்காதீர்கள். சோடியம் மிகுந்த களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம். வெறும் உப்பு ஏறிய உவர் நிலத்துக்கு நல்ல நீர்விட்டு அலசி, வடிகால் அமைப்பதுதான் வழி. எது என்று மண் பரிசோதனைதான் சொல்லும்.

6. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர, பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து பொதுவாக 5 ஆண்டுகள்தான் அவகாசம்.

கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் பலர் தோற்கிறார்கள். ‘முன்பு கிணறு நன்றாக இருந்தது’ என்பதை வாய்வார்த்தையாகச் சொன்னால் எந்த மன்றத்திலும் எடுபடாது. தேதியுடன் கூடிய பரிசோதனைச் சீட்டு எடுபடும். பக்கத்தில் ஆலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தப் பருவ விதைப்புக்கு முன் உங்கள் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்து வையுங்கள். விவரங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.