அத்தையின் கால் பங்கு

போன இதழில் மாவடு போட்டவள் இந்த இதழில் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. இதுவும் வீட்டுக் காரியம்தான்.

மன்னார்குடியில், ஹரித்ராநதித் தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் அப்பா வீடு இருக்கிறது. பூட்டிப் போட்டு வருஷங்கள் ஆகின்றன. ஓட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. விற்றுவிடலாம் என்று தீர்மானமானதும் தம்பி போன் செய்தான். "அக்கா, வாங்கறவங்க வக்கீல் மூலப்பத்திரம் கேக்கறார். ஒரு நடை வந்துட்டுப் போ. அப்படியே விடுதலைப் பத்திரத்திலே ஒரு கையெழுத்துப் போட்டுட்டேன்னா வேலை சுலபம்."

உங்களில் எத்தனையோ பேர் அப்படிப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். கல்யாணத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, கூடப் பிறந்தவனோடு எதற்குப் பொல்லாப்பு என்று நானும் பஸ் ஏறிவிட்டேன்.

பரண் மேல் தகரப்பெட்டி. அதற்குள் 1926-ல் தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கிரயப் பத்திரம். 'தஞ்சாவூர் ஜில்லா' என்று ஆரம்பிக்கிறது. அந்த ஊர் இப்போது திருவாரூர் மாவட்டம். முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை, நாலு பக்கத்து எல்லை, 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாணம்' என்று புதையல், தண்ணீர், மரம், கல் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே 1938-ல் அறுநூறு ரூபாய்க்கு அடமானம், 1941-ல் மீட்ட ரசீது. மீட்டது பாட்டியின் ஒட்டியாணம் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரசீதில் தாத்தா பேர்தான் இருக்கிறது.

வக்கீல் வெள்ளைத்தாளில் பென்சிலால் வம்சாவளி போட்டார். "தாத்தா எப்போ தவறினார்?" 1948. "உயில்?" இல்லை. "அப்போ 1937-ஆம் வருஷச் சட்டப்படி உங்க பாட்டிக்கும் அப்பாவுக்கும் சரி பாதி. ஆனா பாட்டிக்கு ஆயுள் வரைக்கும் அனுபவிக்கத்தான் பாத்தியம். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததும் அந்தப் பாதி அவங்களுக்கே முழுச் சொத்தாயிடுச்சு. அவங்க எப்போ?"

1963. அவளும் உயில் எழுதவில்லை.

"அப்போ அந்தப் பாதி மகனுக்கும் மகளுக்கும் சமமாப் போகும். உங்க அத்தைக்கு வீட்டிலே கால் பங்கு இருந்திருக்கே! அவங்க விடுதலைப் பத்திரம் எதுவும் எழுதிக் கொடுத்தாங்களா? பிள்ளை குட்டி உண்டா?"

எனக்குக் காது அடைத்துப் போயிற்று.

அத்தை 1951-ல், இருபத்திரண்டு வயதில், தாலியிழந்து இந்த வீட்டுக்கு வந்தவள். 1981-ல் போகும்வரை ரேழி பெஞ்சில்தான் படுக்கை. பெஞ்சுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி. விடிகாலை அடுப்பு மூட்டுவதிலிருந்து ராத்திரி கொல்லைக் கதவைத் தாழ் போடுவது வரை அவள் பொறுப்பு. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கக்கூட, "அண்ணே, அடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் 'ஒண்ட வந்த இடத்திலே' என்று ஒரு வார்த்தை விழும். அம்மாவை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? பன்னிரண்டு வயதில், ஏதோ கொய்யாப்பழச் சண்டையில், "இது எங்க வீடு அத்தை" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவள் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

1956 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வந்தால் ஒழிய, பெண் பாகம் கேட்க முடியாது. 2005-ல்தான் அதை எடுத்தார்கள். ஆனால் அதே பிரிவு, விதவை மகளுக்கு அந்த வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு என்றும் சொன்னது. அத்தை இருந்தது யார் தயவிலும் அல்ல. அப்பாவுக்கு இது தெரியுமா என்று இன்று யாரைக் கேட்பேன்? கெட்ட மனுஷர் அல்ல அவர். அவள் சாகும்போது கால்மாட்டில் உட்கார்ந்து அழுதவர்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். இன்னார் இறந்தார், அவர் பங்கு இன்னாருக்கு வந்தது என்பது அதில் ஏறாது. அதனால்தான் வாரிசுச் சான்றுகளையும் சேர்த்து, வக்கீல் மாதிரி தாத்தாவிலிருந்து ஒரு கொடி வரைந்து பார்க்க வேண்டும். விட்டுக் கொடுப்பதானாலும் எவ்வளவு என்று தெரிந்து கொடுங்கள்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. தாய் வழி வந்த பங்கானதால் சட்டப்படி அது அவளுடைய அப்பாவின் வாரிசுக்கே, அதாவது என் அப்பாவுக்கே திரும்பிவிட்டது. அப்பா 1994-ல், அம்மா 2015-ல். இப்போது தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதி. வக்கீல் பென்சிலை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"விடுதலைப் பத்திரம் வேண்டாம்டா. உன்னோட சேர்ந்து நானும் விற்கிறவளாக் கையெழுத்துப் போடறேன்," என்றேன்.

"அப்ப உனக்குச் செஞ்ச சீரெல்லாம்?"

"அதுக்குக் கணக்குப் போடலாம். அத்தை செஞ்ச சமையலுக்கும் சேர்த்துப் போடு."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஊருக்கு வந்த பிறகு இரண்டு வாரம் அவனிடமிருந்து போனே இல்லை. நேற்று ராத்திரி கூப்பிட்டான். பதிவுக்குத் தேதி வாங்கியாகிவிட்டதாம். "ஆதார் நகல் ரெண்டு, போட்டோ ரெண்டு எடுத்துட்டு வாக்கா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.