பிணத்தின் மேல் கடை விரித்தவர்கள்

2020 ஜூன் 14-ம் தேதி பம்பாய் பாந்திராவில் ஒரு சினிமா நடிகர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். பெயர் சுஷாந்த் சிங் ராஜ்புத். வயது 34. பீகாரில் பாட்னா நகரத்தில் பிறந்தவர். சினிமாக் குடும்பத்துப் பிள்ளையல்ல. டெலிவிஷன் தொடரில் நடித்துப் பெயர் வாங்கி, பிறகு கிரிக்கெட் வீரர் தோனியின் வாழ்க்கையைச் சொன்ன படத்தில் நடித்து நாடறிந்தவரானார். சிதையின் சாம்பல் ஆறுவதற்குள் அவருடைய சாவு சரக்காகிவிட்டது.

ஆம், சரக்குதான். மில்லுக்குள் பஞ்சு வருகிறது, நூலாக வெளியே போகிறது. டெலிவிஷன் கம்பெனிக்குள் அன்று ஒரு சாவு வந்தது. மூன்று ஷிப்டும் இயந்திரம் ஓடியது. விளம்பரக் காசாக அது வெளியே போனது.

முதலில் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: பெரிய சினிமாக் குடும்பங்கள் வாய்ப்புக் கொடுக்காமல் அவரைக் கொன்றுவிட்டன என்று. அந்தச் சரக்கு பழசானதும் அடுத்த தீர்ப்பு வந்தது: இது தற்கொலையே இல்லை, கொலை. கொலையென்றால் கொலைகாரர் வேண்டுமே? அவருடன் வாழ்ந்து வந்த ரியா சக்கரவர்த்தி என்ற நடிகையைப் பிடித்து நடுத்தெருவில் நிறுத்தினார்கள். பணத்துக்காக ஒட்டிக்கொண்டவள் என்றார்கள். பில்லி சூனியம் வைத்தவள் என்றார்கள். வங்காளத்துப் பெண்களே இப்படித்தான் என்று ஒரு மாநிலத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சேறு பூசினார்கள். நாட்டில் ராக்கெட் விடுகிற காலத்தில், பட்டணத்து டெலிவிஷனில் சூனியக்காரி வேட்டை!

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனார் பாட்னா போலீசில் புகார் கொடுத்தார். அதை நாம் குறை சொல்லவில்லை. திடீரென்று ஒரு பிள்ளை செத்தால் பெற்றவன் மனம் ஆயிரம் சந்தேகப்படும். கேட்க அவனுக்கு உரிமை உண்டு. விசாரிப்பது சர்க்காரின் கடமை. சுப்ரீம் கோர்ட் அந்த ஆகஸ்டில் வழக்கை சி.பி.ஐ.யிடம் விட்டதும் சரியே என்று வைத்துக்கொள்வோம். நம் ஆட்சேபணை வேறு. விசாரணை தொடங்குமுன் தண்டனை தொடங்கிவிட்டதே, அதைத்தான் கேட்கிறோம்.

சி.பி.ஐ. வந்தது. அமலாக்கத்துறை வந்தது. கொலைக்கும் ஆதாரமில்லை, பணத்துக்கும் ஆதாரமில்லை என்ற நிலையில் போதைப்பொருள் தடுப்புத் துறை வந்தது. செப்டம்பர் 8-ம் தேதி அந்தப் பெண் கைதானார். அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் விசாரணைக்குப் போன வழியில் காமிராக்காரர்கள் மொய்த்து நெருக்கித் தள்ளியதை நாடே பார்த்தது. தொற்றுநோய்க் காலம், ஆறடி தள்ளி நில் என்று ஏழைகளை லத்தியால் அடித்த காலம் அது. பைகுல்லா சிறையில் ஏறக்குறைய ஒரு மாதம் இருந்த பிறகு அக்டோபர் 7-ம் தேதி பம்பாய் ஹைக்கோர்ட் ஜாமீன் கொடுத்தது. போதைப்பொருள் வியாபாரிகளின் சங்கிலியில் அவர் இல்லை என்று நீதிபதி சொன்னார். அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் குழு, இது கொலையல்ல என்று சொல்லியிருந்தது. நாலரை ஆண்டுக்கு மேல் விசாரித்துவிட்டு 2025 மார்ச்சில் சி.பி.ஐ.யும் வழக்கை முடித்துக்கொள்வதாகக் கோர்ட்டில் அறிக்கை வைத்தது. அந்தப் பெண் கொன்றதற்கோ, சாவுக்குத் தூண்டியதற்கோ ஆதாரம் அகப்படவில்லை.

இரவு பகலாகக் கூச்சல் போட்டவர்கள் என்ன ஆனார்கள்? 2021 ஜனவரியில் அதே ஹைக்கோர்ட், இரண்டு டெலிவிஷன் கம்பெனிகளின் பெயரைச் சொல்லி, மேலோட்டமாகப் பார்த்தாலே இவை கோர்ட்டை அவமதிக்கும் காரியங்கள் என்று கண்டித்தது. கண்டித்ததோடு சரி, நடவடிக்கை எடுக்காமல் விட்டது. ஒருவர் சிறைக்குப் போனார், மற்றவர் உபதேசம் கேட்டார்.

ஏன் இந்த ஆவேசம்? பீகாரில் அந்த அக்டோபர்-நவம்பரில் சட்டசபைத் தேர்தல். "மறக்கவும் இல்லை, மறக்கவிடவும் மாட்டோம்" என்று செத்தவரின் படத்தைப் போட்டு பா.ஜ.க.வின் பீகார் கலைப்பிரிவு போஸ்டர் அடித்தது. பீகார் போலீஸ் டி.ஜி.பி. ஒருவர், எங்கள் முதல் மந்திரியைப் பற்றிப் பேச ரியாவுக்குத் தகுதி கிடையாது என்று காமிரா முன் சீறினார். சீறிய ஒரு மாதத்தில் வேலையை விட்டு விலகி, அந்த முதல் மந்திரியின் கட்சியிலேயே சேர்ந்தார். தேர்தலில் நிற்க அவருக்கு இடம் கொடுக்கவில்லை என்பது தனித் தமாஷ்.

அந்தப் பெண் சிறையில் இருந்த நாட்களில் பார்லிமெண்டில் என்ன நடந்தது? செப்டம்பர் 14: ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பியவர்களில் எத்தனை தொழிலாளி செத்தான் என்று கேட்டதற்கு, கணக்கு இல்லை என்றது தொழிலாளர் இலாகா. ஊர் திரும்பியவர்கள் மட்டும் 1 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொல்லத் தெரிந்தது, செத்தவனைத்தான் எண்ணவில்லை. செப்டம்பர் 20: விவசாயச் சட்டங்கள் ராஜ்யசபையில் குரல் ஓட்டில் நிறைவேறின. 22, 23: நம் யூனியன் உரிமையையும் வேலை நிறுத்த உரிமையையும் வெட்டுகிற தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எதிர்க்கட்சிகள் வெளியே இருந்தபோது இரு சபைகளிலும் நிறைவேறின. அந்த வாரம் எந்த நடிகை யாருக்குச் செல்போனில் என்ன எழுதினாள் என்று டெலிவிஷன் வாசித்துக் கொண்டிருந்தது.

"சரி, இது வடநாட்டு சினிமாக்காரர் சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்கு உண்டு. மில் கேட்டிலும் டீக்கடையிலும் நம் ஆட்களே இந்தத் தீர்ப்புகளைச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். "காசு இருந்தும் என்ன கேடு? திமிர்!" என்றார் ஒருவர். "பொம்பளை சகவாசம்!" என்றார் இன்னொருவர். சுஷாந்த் மனநோய்க்கு மருத்துவம் செய்துகொண்டிருந்தார் என்று பம்பாய் போலீஸ் கமிஷனர் அந்த ஆகஸ்டிலேயே சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை. ஏன் ஏறாது என்றால், மனதுக்கு வரும் நோயை நோயாகவே நாம் எண்ணுவதில்லை. காசநோய் வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் ஒரு தோழன் மாதக்கணக்கில் தறியடியில் நின்றால், "சோம்பேறி" என்கிறோம். அவனும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறான். ஜில்லா ஆஸ்பத்திரியில் இதற்கு டாக்டர் இருக்கிறார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்த 2020-ம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,53,052 பேர். அதில் தினக்கூலிகள் 37,666. இது சர்க்காரே அச்சிட்ட கணக்கு. நாளுக்கு நூறு கூலிக்காரர்களுக்கு மேல்! ஒருவருக்காவது ஒரு இரவு டெலிவிஷன் ஓடியதுண்டா?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. செத்தவனின் நடத்தையைத் துருவும் பழக்கம் சினிமாக்காரர் வீட்டோடு நிற்பதில்லை. நம் வீட்டுக்கும் அது வரும், வந்திருக்கிறது.

2015 ஜூலையில் ராஜ்யசபையில் விவசாயிகள் தற்கொலைக்குக் காரணம் கேட்டார்கள். விவசாய மந்திரி ராதா மோகன் சிங் எழுத்தில் கொடுத்த பதிலில் கடன், நோய் முதலியவற்றோடு காதல் விவகாரமும் ஆண்மைக் குறைவும் இருந்தன! வட்டிக்காரனைக் காட்ட வேண்டிய இடத்தில் செத்தவனின் படுக்கையறையைக் காட்டினார்கள். 2017 ஏப்ரலில் நம் தமிழ்நாட்டு சர்க்கார், காவேரித் தண்ணீர் வராமல் டெல்டா வெடித்துக் கிடந்த சமயத்தில், வறட்சியால் ஒரு விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, எல்லாம் சொந்தக் காரணங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது. 2020 மே 8-ம் தேதி ஔரங்காபாத் பக்கத்தில் ஜால்னா இரும்பு ஆலையிலிருந்து நடந்து வந்து, களைத்துத் தண்டவாளத்தில் படுத்த 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. தண்டவாளத்தில் தூங்கினால் யார் தடுக்க முடியும் என்று ஒரு வாரத்தில் சுப்ரீம் கோர்ட்டிலேயே கேட்கப்பட்டது. அவர்களை ஏன் நடக்கவிட்டீர்கள் என்ற கேள்வி எங்கே போயிற்று?

நூல் மில் விடுதியில் ஒரு பெண் பிள்ளை இறந்தால் என்ன செய்தி முதலில் வெளியே வருகிறது? நம் பெண் தோழர்களைக் கேளுங்கள். "காதல் தோல்வி", "வயிற்று வலி", "அவள் ஒரு மாதிரி". அந்தச் சொல் வெளியே போய்விட்டால் பன்னிரண்டு மணி நேர வேலையைப் பற்றியும் பூட்டிய கேட்டைப் பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது மானேஜருக்குத் தெரியும். நடிகை ரியாவைப் பற்றி டீக்கடையில் சிரித்துக்கொண்டே நம்பிய வாய், அந்தப் பிள்ளையைப் பற்றியும் அதே போல நம்பிவிடும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் ஜில்லாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் மீது கொலை வழக்கு. மாதக்கணக்கில் அவர் அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்து வந்தார் என்று குடும்பத்தாரும் கூட வேலை செய்தவர்களும் சொன்னார்கள். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதைக் கையில் எடுத்தது. அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்ற பேச்சுக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை. தொழிற்சாலைக்குள் தொந்தரவு நடந்தால் யாரிடம் சொல்வது, சொன்னவளை வேலையைவிட்டு நிறுத்தினால் யார் கேட்பது என்று பிடித்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் கம்பெனியும், அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதன்படி தொழிலாளிப் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். தையல் மெஷின்களுக்கு நடுவே நின்று புகார் கேட்பது அவர்கள் வேலையாயிற்று.